ஞாயிறு ஆதியாகமம், திங்கள் பரிணாமம்: நெல்லைச் சீமை பயாலஜி டீச்சர்களின் 200 வருஷக் கதை

1/
திருநெல்வேலி, பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் படிச்சவங்களுக்கு இது புதுசா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூல்ல "கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார்" என்று சொல்லிக் கொடுத்த அதே டீச்சர், திங்கட்கிழமை பத்தாம் வகுப்பில் "உயிரின் தோற்றமும் பரிணாமமும்" பாடம் எடுப்பாங்க.

பிள்ளைகளுக்கு உடனே சந்தேகம் வரும். "டீச்சர், அப்போ எது உண்மை?"

அந்தக் கேள்விக்கு நம்ம ஊர் டீச்சர்கள் என்ன சொல்லி வந்தாங்க, என்ன சொல்லலாம் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
முதல்ல ஒரு டாக்டரா நான் ஏன் இதைப் பேசுறேன்னு சொல்லிடறேன்.

காசநோய்க்கு ஏன் ஒரே மாத்திரை தராமல் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்புட்டால் என்று நான்கு மருந்து தர்றோம்?

10 லட்சம் காசநோய்க் கிருமிகளில் சுமார் ஒன்று, மருந்தைப் பார்ப்பதற்கு முன்பே, தற்செயலான மரபணு மாற்றத்தால் ஐசோனியசிடுக்குத் தப்பிக்கும் தன்மையோடு இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு அது சுமார் 10 கோடியில் ஒன்று. நுரையீரலில் குழி விழுந்த நோயாளிக்கு உள்ளே இருக்கும் கிருமிகளோ 10 கோடிக்கும் மேல் போகலாம்.

ஒரே மருந்து கொடுத்தால் மற்றதெல்லாம் சாகும். தப்பிச்சது மட்டும் குட்டி போட்டுப் பெருகும். ரெண்டு மருந்துக்கும் ஒரே கிருமி தப்பிக்கணும்னா? ரெண்டு எண்ணையும் பெருக்கிப் பாருங்க. கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

இது இயற்கைத் தேர்வு. டார்வின் 1859ல் எழுதியது இன்று அரசு மருத்துவமனை மாத்திரை அட்டையில் இருக்கு. இதைப் புரியாமல் மனப்பாடம் செஞ்ச பிள்ளை நாளைக்கு டாக்டரானால், நோயாளிக்கு "ஏன் பாதியில் நிறுத்தக் கூடாது" என்று விளக்க முடியாது.

ஆக, இது வெறும் சாமி சமாச்சாரச் சண்டை இல்லை.

3/
இப்போ வரலாற்றுக்குப் போவோம்.

நெல்லைச் சீமைக்கு அறிவியல் பாடத்தைத் தமிழில் கொண்டு வந்ததில் பெரும்பங்கு வேதக்காரப் பள்ளிகளுக்குத்தான். 1820ல் பாளையங்கோட்டை வந்த ரேனியஸ், 1832ல் "பூமி சாஸ்திரம்" என்ற நூலைத் தமிழில் வெளியிட்டார். தமிழில் அச்சான முதல் அறிவியல் நூல்களில் அதற்கு இடம் உண்டு.

அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில், அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் உட்கார்ந்து உடற்கூறு, அறுவை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழிலேயே மாணவர்களுக்கு மேற்கத்திய மருத்துவம் கற்பித்தார். எங்க தொழிலுக்கு அவர் ஒரு முன்னோடி.

இவங்க நோக்கம் என்ன? இயற்கையை ஒழுங்காகப் படித்தால் படைத்தவரின் கைவண்ணம் தெரியும் என்ற நம்பிக்கை. வில்லியம் பேலி 1802ல் எழுதிய "இயற்கை இறையியல்" அப்போ இங்கிலாந்தில் பிரபலம். டார்வினே கேம்பிரிட்ஜில் பேலியைப் படிச்சு ரசிச்சவர்தான்.

கூடவே இன்னொரு நோக்கமும் இருந்துச்சு. பூகோளமும் வானியலும் சொல்லிக் கொடுத்தால் புராணக் கணக்குகள் ஆட்டம் காணும் என்று எதிர்பார்த்தாங்க.

4/
ஆனால் அறிவியல் இருபுறமும் கூரான கத்தி.

1882 முதல் 1888 வரை சென்னையில் "தத்துவ விவேசினி" என்று ஒரு தமிழ் நாத்திக இதழ் வந்தது. சென்னை லௌகிக சங்கத்தார் நடத்தியது. எந்த ஐரோப்பிய அறிவியலை வைத்து பாதிரிமார் புராணத்தைக் கேள்வி கேட்டாங்களோ, அதே அறிவியலை வைத்து இவங்க ஆதியாகமத்தையும் சேர்த்துக் கேள்வி கேட்டாங்க. பிறகு 1930களில் சிங்காரவேலர் பரிணாமக் கருத்துகளைச் சாதாரண மக்களுக்கான தமிழில் எழுதினார்.

மிஷன் பள்ளி ஆசிரியர் நடுவில் மாட்டிக்கிட்டார். ஒரு கையில் வேதம், ஒரு கையில் பாடப்புத்தகம். அந்த நெருக்கடி இன்று வரை தீரலை.

5/
"அப்போ அந்தக் காலத்து பாதிரிமார் எல்லாம் டார்வினுக்கு எதிரியா?"

இல்லை. இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம் இருக்கு.

பாளையங்கோட்டையை "தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு" என்று பெருமையா சொல்றோம். அசல் ஆக்ஸ்போர்டில் 1860ல் பிஷப் சாமுவேல் வில்பர்ஃபோர்ஸுக்கும் ஹக்ஸ்லிக்கும் நடந்த வாக்குவாதம் எல்லா புத்தகத்திலும் இருக்கு. ஆனால் அதே கூட்டத்தை ஒட்டி நடந்த ஆராதனையில் ஃபிரெட்ரிக் டெம்பிள் என்ற குருவானவர், அறிவியலுக்கும் விசுவாசத்துக்கும் பகை தேவையில்லை என்று பிரசங்கம் செய்தார். 1884ல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய தொடர் சொற்பொழிவில் பரிணாமத்தை வெளிப்படையாகவே ஏற்றுப் பேசினார்.

அவரை என்ன செஞ்சாங்க? சபையை விட்டு நீக்கலை. 1896ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைப் பதவியான கேன்டர்பரி பேராயர் ஆக்கினாங்க.

அதே 1896ல்தான் திருநெல்வேலிக்குத் தனி ஆங்கிலிக்கன் திருமண்டலம் உருவாச்சு. அதாவது இன்றைய சி.எஸ்.ஐ. திருநெல்வேலி திருமண்டலத்தின் முன்னோடி பிறந்த வருஷத்தில், அந்தச் சபையின் உச்சியில் இருந்தவர் பரிணாமத்தை ஏற்றுக்கொண்ட ஒருவர்!

6/
நம்ம ஊர் பிஷப் கால்டுவெல்லுக்கு வருவோம். இடையன்குடி கால்டுவெல்தான்.

1856ல் "திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்" எழுதினார். டார்வின் நூலுக்கு 3 வருஷம் முன்பு. அதன் மையக் கருத்து: தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு எல்லாம் ஒரே மூலத்தில் இருந்து கிளைத்த மொழிகள். ஆதாரம்? பொதுவான வேர்ச்சொற்கள், பொதுவான இலக்கண அமைப்பு. யாரும் அந்த மூல மொழியைக் காதால் கேட்டதில்லை. இருக்கும் மொழிகளை ஒப்பிட்டே அதை ஊகிக்கிறோம்.

டார்வின் செஞ்சதும் இதுதான். மொழிகளுக்குப் பதில் உயிரினங்கள். சொற்களுக்குப் பதில் எலும்புகள். மொழிகளின் குடும்ப மரத்தை அவரே தன் நூலில் உவமையாகக் காட்டுகிறார்.

(கால்டுவெல் டார்வினை ஏற்றார்னு நான் சொல்லலை. ரெண்டு பேரும் யோசிச்ச முறை ஒன்னுன்னு சொல்றேன்.)

7/
இந்த உவமை வகுப்பறைக்கு எவ்வளவு உதவும் பாருங்க.

"குரங்கில் இருந்து மனுஷன் வந்தான்னா, இன்னும் ஏன் குரங்கு இருக்கு?" இது எல்லா வகுப்பிலும் வரும் கேள்வி.

திருப்பிக் கேளுங்க: "மலையாளமும் தமிழும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்னா, மலையாளம் வந்த பிறகும் ஏன் தமிழ் இருக்கு?" பிள்ளைகள் சிரிப்பாங்க. அக்கா இருந்தா தங்கச்சி இருக்கக் கூடாதா? இன்றைய சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை. பங்காளி. ரெண்டு பேருக்கும் பொதுவான மூதாதை ஒருத்தர், சுமார் 60, 70 லட்சம் வருஷத்துக்கு முன்னால்.

அடுத்து, "சின்னச் சின்ன மாற்றம் சரி சார், ஒரு இனம் இன்னொரு இனமா மாறுறதை யார் பார்த்தா?"

தமிழ் பேசுற அம்மாவுக்குத் திடீர்னு மலையாளம் பேசுற பிள்ளை எந்த வருஷத்திலும் பிறக்கலை. ஒவ்வொரு தலைமுறையும் தன் பெற்றோர் பேச்சைப் புரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனாலும் மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிரிஞ்சு இருந்து, நூற்றாண்டுகள் சேர்ந்தப்போ, ரெண்டு மொழி. உயிரினத்திலும் அப்படித்தான். சின்ன மாற்றத்தோட கூட்டுத்தொகைதான் பெரிய மாற்றம். நடுவில் "இதுக்கு மேல போகாதே" என்று எந்தத் தடுப்புச் சுவரையும் யாரும் கண்டுபிடிக்கலை.

8/
கால்டுவெல் இன்னொரு வேலையும் செய்தார். கொற்கையில் மண்ணைத் தோண்டினார். 1877ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

பாண்டியர் துறைமுகமான கொற்கை ஏன் இன்று கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே இருக்கு? தாமிரபரணி கொண்டு வந்த வண்டல் வருஷா வருஷம் சேர்ந்து கடலைத் தள்ளிடுச்சு. கொற்கை தூர்ந்ததும் துறைமுகம் காயலுக்குப் போச்சு. அதுவும் தூர்ந்து தூத்துக்குடிக்கு வந்துச்சு.

மெதுவான சின்னச் செயல், நீண்ட காலம், பெரிய விளைவு. சார்லஸ் லயல் நிலவியலில் சொன்ன இந்தத் தத்துவத்தைத்தான் டார்வின் கப்பலில் கொண்டு போய்ப் படிச்சு, உயிர்களுக்குப் பொருத்திப் பார்த்தார். நம்ம ஊர்ப் பிள்ளைக்கு இதை விளக்க கலாபகஸ் தீவு வரைக்கும் போக வேண்டாம். கொற்கைக்கு ஒரு நாள் சுற்றுலா போதும்.

9/
மிஷன் குடும்பத்துக்கும் ஆதி மனிதன் ஆய்வுக்கும் இன்னொரு உறவு இருக்கு. இது நிஜமான மாமனார் மருமகன் உறவு.

பீட்டர் பெர்சிவல் பாதிரியாரைத் தெரியும்தானே? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் துணையோடு வேதாகமத்தைத் தமிழில் திருத்தி மொழிபெயர்த்தவர். அவருடைய மகளை மணந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

இந்த ஃபூட்தான் 1863ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, "இந்திய மண்ணில் மனிதன் மிகப் பழையவன்" என்று உலகத்துக்குச் சொன்னவர். அதே வருஷம் அத்திரம்பாக்கம். இன்று அங்கே கிடைத்த கருவிகளில் பழையவற்றின் வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று கணிச்சிருக்காங்க.

ஆதியாகமத்தைத் தமிழாக்கிய வீட்டு மருமகன்தான், தமிழ் மண்ணில் மனிதனின் பழமையைத் தோண்டி எடுத்தார். அவரே பிறகு மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியலையும் ஆராய்ந்து எழுதினார்.

பிறகு 1956ல் சொய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் நம்ம தேரிக்காட்டுச் செம்மணலில் கிடைக்கும் நுண்கற்கருவிகளைப் பற்றி எழுதினாங்க. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் என்று அந்த இடங்களில் பல, மிஷன் ஊர்களை ஒட்டியவை. அவங்க கணித்த காலம் சுமார் கி.மு. 4000.

10/
கி.மு. 4000. இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க.

அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், வேதாகம வம்ச வரலாறுகளைக் கூட்டிக் கழிச்சு, உலகம் கி.மு. 4004ல் படைக்கப்பட்டது என்று 1650ல் எழுதினார். 1701 முதல் ஆங்கில வேதாகமத்தின் ஓரத்தில் அந்த வருஷம் அச்சாச்சு. வேத வசனம் இல்லை, ஓரக் குறிப்பு! ஆனால் காலப்போக்கில் வசனம் மாதிரியே ஆயிடுச்சு.

அஷர் கணக்குப்படி உலகமே உண்டான சமயத்தில், தேரிக்காட்டில் ஒருத்தன் உட்கார்ந்து கல்லைச் செதுக்கிட்டு இருந்திருக்கான்.

19ம் நூற்றாண்டில் படிச்ச பாதிரிமார் பலர் அஷர் கணக்கைக் கைவிட்டிருந்தாங்க. ஸ்காட்லாந்தின் தாமஸ் சால்மர்ஸ் போன்றவங்க, ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எவ்வளவு காலமும் இருக்கலாம்னு சொன்னாங்க. இன்னும் சிலர், "நாள்" என்றால் யுகம் என்றாங்க.

11/
அப்போ "பூமிக்கு வயசு 6,000 வருஷம், பரிணாமம் பொய்" என்ற கடுமையான போதனை எங்கிருந்து வந்துச்சு?

பெரும்பாலும் 20ம் நூற்றாண்டு அமெரிக்காவில் இருந்து.

1925: டென்னசியில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு, பரிணாமம் நடத்தியதுக்காக 100 டாலர் அபராதம்.
1923: ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ், பாறை அடுக்கு எல்லாம் நோவா காலத்து வெள்ளத்தில் வந்தது என்று நூல் எழுதினார்.
1961: விட்கம்ப், ஹென்றி மாரிஸ் இருவரும் அதை விரிவாக்கி எழுதிய நூல் அமெரிக்கச் சபைகளில் பரவுச்சு.

அங்கிருந்து பிரசுரம், பிறகு டிவி, இப்போ யூடியூப், வாட்ஸப். நம்ம தாத்தா பாட்டி விசுவாசம்னு நினைச்சுப் பலர் காப்பாத்துறது, உண்மையில் தாத்தாவுக்குப் பிறகு இறக்குமதி ஆன சரக்கு.

12/
கத்தோலிக்கப் பக்கம் வேற பாதை. அங்கே ஆதியாகமத்தைத் தொடக்கநூல் என்பாங்க.

1950ல் போப் 12ம் பயஸ், மனித உடலின் தோற்றம் பற்றிப் பரிணாம ஆய்வு நடக்கலாம் என்றார். ஆன்மா கடவுள் தருவது என்பது நிபந்தனை. 1996ல் இரண்டாம் ஜான் பால், பரிணாமக் கொள்கை வெறும் யூகத்தைத் தாண்டிய ஒன்று என்று ஏற்றார்.

மரபியலின் தந்தை மெண்டலே ஒரு மடத்துத் துறவிதானே! நம்ம மாநிலத்தில் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் தாவரத் தொகுப்பகத்தை 1967ல் உருவாக்கிய கே.எம். மேத்யூ இயேசு சபைக் குருவானவர். தமிழகத் தாவரங்களைப் பற்றிய அவர் நூல்கள் இன்றும் ஆதார நூல்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியை 1923ல் தொடங்கினதும் இயேசு சபைதான்.

"பரிணாமம் இல்லாமல் உயிரியலில் எதுவும் புரியாது" என்ற கருத்தில் 1973ல் புகழ்பெற்ற கட்டுரை எழுதிய தோப்ஷான்ஸ்கி, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். 2005ல் அமெரிக்காவின் டோவர் வழக்கில், படைப்புக் கொள்கையை வேறு பெயரில் பள்ளிக்குள் நுழைப்பதை எதிர்த்து சாட்சி சொன்ன உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர், கத்தோலிக்கர்.

13/
ஒரு கசப்பான விஷயத்தையும் மறைக்கக் கூடாது.

பரிணாமத்தை மரமாகப் பார்க்காமல் ஏணியாகப் பார்த்தவங்க இருந்தாங்க. "இந்த ஜனம் மேலே, அந்த ஜனம் கீழே" என்று. இந்த ஏணிப் புத்தி டார்வினுக்கு முன்பே இருந்தது. கால்டுவெல்லே 1849ல் திருநெல்வேலிச் சாணார் பற்றி எழுதிய நூலில் ஒரு உழைக்கும் சமூகத்தை இழிவாக எழுதினார். நாடார் சமூகத்தார் கொதிச்சு எழுந்து கண்டிச்சாங்க. அவங்க கோபம் நியாயம்.

பிற்பாடு இந்த ஏணிப் புத்தி டார்வின் பெயரையும் ஒட்டிக்கிச்சு. ஆகவே பரிணாமம் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர் இதையும் சேர்த்துச் சொல்லணும்: மரபணு ஆய்வு காட்டுவது எதிர்மாறானது. நாம எல்லாரும் ஆப்பிரிக்காவில் இருந்து வந்த ஒரே வம்சம். ஏணியும் கிடையாது, மேல் படியும் கிடையாது.

14/
சரி, இன்று வகுப்பறையில் என்ன நடக்குது? நான் பேசிப் பார்த்த கிறிஸ்தவ உயிரியல் ஆசிரியர்களை நாலு வகையாப் பிரிக்கலாம்.

ஒன்று: "பரீட்சைக்கு இதை எழுது, நம்பிக்கைக்கு வேதத்தைப் பிடி" என்பவங்க.

ரெண்டு: பாடத்தைத் தொட்டும் தொடாமலும் கேள்வி பதிலாக முடிச்சிடுறவங்க. சபையில் ஐயர் ஏதும் கேட்பாரோ, பெற்றோர் வருவாங்களோ என்ற பயம்.

மூன்று: ஒவ்வொரு நாளையும் ஒரு யுகமாக்கி, ஆதியாகமத்தையும் பாறை அடுக்கையும் வரிக்கு வரி பொருத்துறவங்க. நல்ல எண்ணம்தான். ஆனால் சூரியனுக்கு முன்பே செடி வரும் இடத்தில் கணக்கு இடிக்கும். "தசாவதாரம்தான் டார்வின் கொள்கை" என்று சொல்றவங்க செய்யும் அதே வேலைதான் இதுவும்.

நாலு: "வேதம் யார், ஏன் என்று பேசுது. உயிரியல் எப்படி, எப்போது என்று பேசுது. ரெண்டையும் அதது இடத்தில் வச்சுப் படி" என்பவங்க.

முதல் ரெண்டு வகையில்தான் எனக்குக் கவலை. டீச்சர் தயங்குறதைப் பிள்ளை கண்டுபிடிச்சிடும். "ரெண்டில் ஒன்றைத்தான் வச்சுக்க முடியும்" என்று அது தானாகவே முடிவு பண்ணிக்கும். சில பிள்ளைகள் அறிவியலைப் பொய் என்று விடும். சில பிள்ளைகள் காலேஜ் போனதும், சின்ன வயசில் ஏமாத்திட்டாங்கன்னு அம்மாவோட விசுவாசத்தையே தூக்கிப் போடும். இரண்டுமே அந்த டீச்சர் விரும்பாத முடிவு.

15/
இதில் கிறிஸ்தவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 2022, 2023ல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்து பரிணாமப் பகுதியை நீக்கிடுச்சு. 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டுக் கண்டிச்சாங்க. பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கு, சரி. ஆனால் உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு அது எப்போ கிடைக்கும்? நம்ம மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலேயே இருப்பது நல்ல விஷயம்.

16/
கடைசியா நம்ம ஆத்துக்கு வருவோம்.

தாமிரபரணியில் மட்டும் வாழும் ஒரு சின்ன கெண்டை மீன் இருக்கு. 1950களில் இ.ஜி. சைலஸ் அதை முதலில் விவரிச்சார். அதன் நெருங்கிய பங்காளி காவிரியில் இருக்கு. ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த கூட்டம், ஆறுகள் தனித்தனியாகப் பிரிஞ்ச பிறகு, தனித்தனியாக மாறியிருக்கு. டார்வினுக்குத் தீவுகள் காட்டினதை நமக்கு ஆறுகள் காட்டுது.

2012ல் இலங்கை ஆய்வாளர் ரோஹன் பெத்தியாகொடவும் சகாக்களும் இந்த மீன் கூட்டத்துக்குப் புதுப் பேரினப் பெயர் வச்சாங்க. பரிணாமத்தை மக்களிடம் கொண்டு போன ரிச்சர்ட் டாகின்ஸ் நினைவாக. ஆக, நம்ம மீனோட முழுப் பெயர் இன்று "டாகின்சியா தாம்பிரபர்ணியி".

உலகத்தின் பிரபலமான நாத்திகர் பெயரும், அகத்தியர் மலையில் பிறக்கும் ஆற்றின் பெயரும் ஒரே மீனில். அந்த ஆத்தங்கரையில் கோயிலும் இருக்கு, வேதக்கோயிலும் இருக்கு, பள்ளிவாசலும் இருக்கு. மீன் யாருக்கும் பயப்படாமல் நீந்திட்டுதான் இருக்கு. அதுக்கு இருக்கும் நிஜ ஆபத்து சாக்கடையும் மணல் கொள்ளையும்தான்.

17/
ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எது உண்மை டீச்சர்?" என்று பிள்ளை கேட்டால், தயவுசெய்து "சிலபஸ்ல இருக்கு, படி" என்று முடிச்சிடாதீங்க.

ஆதாரங்களைக் காட்டுங்க. கொற்கை, தேரி மணல், ஆத்து மீன், காசநோய் மருந்து. எல்லாம் நம்ம ஊரிலேயே இருக்கு. நீங்க விசுவாசி என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்க. "நான் ஜெபிக்கிறேன், பரிணாமமும் நடத்துறேன், எனக்கு ரெண்டும் இருக்கு" என்று ஒரு டீச்சர் வாயால் கேட்கிற பிள்ளைக்கு, அது எந்தப் புத்தகமும் தராத தைரியம்.

1,600 வருஷத்துக்கு முன்னாலேயே அகுஸ்தீனார், இயற்கையைப் பற்றித் தெரிஞ்சவங்க முன்னால் கிறிஸ்தவர்கள் வேதத்தின் பெயரால் தப்பும் தவறுமாகப் பேசி வேதத்துக்கே அவப்பெயர் வாங்கித் தரக் கூடாது என்று எச்சரிச்சார்.

பெற்றோருக்கும் அதேதான். பரிணாமம் நடத்தும் டீச்சர் உங்க பிள்ளையின் விசுவாசத்தைத் திருட வரலை. நாளைக்கு உங்களுக்கு மாத்திரை எழுதப் போற ஒரு டாக்டரை உருவாக்கிட்டு இருக்காங்க.

உங்க பள்ளியில் இந்தப் பாடத்தை எப்படி நடத்தினாங்க? கமெண்ட்ல சொல்லுங்க. யார் நம்பிக்கையையும் கிண்டல் செய்யாமல் பேசுவோம்.